பெட்டிக்கு அடியில் ஒரு தொட்டி

வடக்கே கல்வராயன் மலை நீலமாய்த் தெரிய, சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம் வழியாக விருத்தாசலம் செல்லும் இருப்புப்பாதை 2007-இல் மீட்டர் பாதையினின்று அகலப் பாதையானதைக் கள்ளக்குறிச்சிப் பக்கத்தார் ஒரு சகாப்தமாகவே கருதுவர். ஆனால் பின்னர் அதே பாதையில் ஓடும் வண்டிகளின் அடியில், எவர் கண்ணிலும் படாமல் நிகழ்ந்த மாற்றம் அதனினும் பெரிது என்பது என் துணிபு.

மேல்வகுப்புப் பிரயாணிகளுக்கு மட்டுமே கழிவறை வாய்த்திருந்த காலத்தில், 1909-இல் ஒகில் சந்திர சென் என்ற வங்காளி, பலாப்பழத்தை வயிறு புடைக்கத் தின்று, அகமத்பூர் நிலையத்தில் ஒதுங்கப்போன சமயத்தில் கார்டு விசில் ஊதிவிட, ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி விழுந்து, ஆணும் பெண்ணும் பார்க்க மானம் போன கதையைச் சாகிப்கஞ்ச் அலுவலகத்துக்கு எழுதிய விண்ணப்பமே சாதாரண வகுப்புக்கும் அச்சௌகரியத்தைக் கொண்டுவந்தது என்பர். அவருடைய ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்பவர் பலர். அவருக்குப் பட்ட கடனை நினைப்பவர் சிலரே.

ஆயினும் வந்தது கழிவறையன்று, தரையில் ஒரு துவாரமே. பிரயாணியின் மானம் காக்கப்பட்டது. அசுத்தமோ தண்டவாளத்தின்மீது விழுந்து இரும்பை அரித்தது. பாதையை நாள்தோறும் நடந்து பார்க்கும் சிப்பந்திகளும், நிலையங்களில் அதை வாரிக் கழுவிய ஏழைத் தொழிலாளரும் நூறாண்டுக் காலம் அதன் பாரத்தைச் சுமந்தனர். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தபோதும் ரயில்வேக்கே அது பெரும் சங்கடமாயிருந்தது.

பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளோடு சேர்ந்து ரயில்வே உருவாக்கிய உயிரிக் கழிவறை 2011-இல் குவாலியர்–வாரணாசி வண்டியில் ஓடத் தொடங்கிற்று. மானாமதுரை–ராமேசுவரம் பாதை 2016-இல், தண்டவாளத்தில் மலம் விழாத நாட்டின் முதல் பசுமைப் பாதையாயிற்று. இக்கழிவறைக்கு அடியில் தொங்கும் தொட்டியினுள் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மலத்தை நீராகவும் வாயுவாகவும் மாற்ற, குளோரின் கலந்த நீர் மட்டுமே பாதையில் விழுகிறது.

நுண்ணுயிரின் பெருமை பத்திரிகைகளில் வந்தது. தொட்டியைத் தொங்கவைக்கும் வேலையின் அருமை வரவில்லை. நீர் நிறைந்த எஃகுத் தொட்டி, பெட்டியின் அடிச்சட்டத்தினின்று சில தாங்கிகளிலும் போல்ட்டுகளிலும் தொங்கியபடி, வண்டி குலுங்குந்தோறும் தானும் குலுங்குகிறது. நட்டு தளர்ந்தாலோ, தாங்கியில் விரிசல் கண்டாலோ, ஒரு பக்கம் சரியும்; ஓடும் வண்டியில் அது கழன்று விழுந்தால் அபாயம் சொல்லத்தரமன்று. சரிந்ததைச் செப்பனிட, நட்டை மட்டும் முறுக்கிவிட்டுப் போவது கண்துடைப்பு. தொட்டியின் நீரை முதலில் வடித்து, அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, துருவேறிய தாங்கியை அறவே நீக்கி, மெல்லிய தகட்டிலன்றிப் பலமான உத்தரத்திலேயே புதிய தாங்கியைப் பற்றவைத்து, மீண்டும் தளராதபடி பூட்டு நட்டும் இட்டு, மட்டம் பார்ப்பதே உண்மையான வேலை.

அத்தொட்டிக்குப் பரம சத்துரு துருவன்று. குழியில் நாம் எறியும் தண்ணீர்ப் புட்டியும் பிளாஸ்டிக் பையுமே அதை அடைத்து, தேங்கவைத்துச் சீரழிக்கின்றன. சின்னசேலத்தில் வண்டி ஏறும் அன்பர்கள், பக்கத்தில் குப்பைத்தொட்டி இருக்க, அவற்றைக் குழிக்குள் போடாதிருக்குமாறு வேண்டுகிறேன்.