கழுத்துப்பட்டையில் ஒரு கவிதை

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆங்கிலக் கவி அலெக்ஸாண்டர் போப், வேல்ஸ் இளவரசர் பிரெடெரிக்குக்குத் தாம் பரிசளித்த நாய்க்குட்டியின் கழுத்துப்பட்டையில், உடைமையாளரை அறிவிப்பதோடு நில்லாமல், படிப்பதற்காகக் குனிந்த அரசவைப் பிரபுக்களையே பரிகசிக்கும் ஈரடிச் செய்யுளொன்றையும் பொறிக்கச் செய்தார். தோல்பட்டைக்கு இதைவிட மேலான உபயோகம் வாய்த்திருக்க முடியாதென்பேன். நாய்களை அரசும் கணக்கில் கொண்டது: 1796-இல் பிரிட்டனில் நாய்களுக்கு வரி வந்தது; பின்னர் வந்த லைசன்ஸ் முறையும் 1987-இல் மறைந்தது. 2016 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் கட்டாயமாக்கப்பட்ட மைக்ரோசிப்போ, அரிசிமணிப் பிரமாணமாய்த் தோளிடைத் தோலுக்கடியில் மறைந்திருந்து, சுயசக்தி ஏதுமின்றி, கருவியின் ரேடியோ அலை பட்டபோது மட்டும் பதினைந்து இலக்க எண்ணொன்றைச் சொல்லுமேயன்றி, விலாசத்தைச் சொல்லாது; அது அவ்வெண்ணுக்குரிய பதிவேட்டில்தான் இருக்கும். வீடு மாறிய எஜமானர் பதிவேட்டைத் திருத்த மறந்தாரானால் அவ்வெண்ணால் பிரயோஜனமில்லை. அதனால்தானோ என்னவோ, பொது வீதியில் நாய்கள் உடைமையாளரின் பெயரும் விலாசமும் தாங்கிய பட்டை அணியவேண்டுமென்ற பழைய விதி அங்கே இன்னும் ரத்தாகவில்லை.