ஓசையா, நாதமா? காண்டின்ஸ்கியின் ஒரு சொல்லும் மதனப்பள்ளியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் எழுந்த புதுமைக் கலை இயக்கங்களைத் தமிழில் எழுதப் புகுவோர், ஓவியர் காண்டின்ஸ்கி ஆண்ட 'கிளாங்' என்னும் செருமானியச் சொல்லை எதிர்கொண்டாக வேண்டும். ஒலி, ஓசை, தொனி ஆகிய பொருள்களை ஒருங்கே தரும் சொல் அது. அதன் பன்மை வடிவமே அவருடைய உரைநடைக் கவிதை நூலின் பெயர். அந்நூற்கவிதைகள் 1916இல் சூரிச் நகரில் தாதா இயக்கத்தாரின் அரங்கில் படிக்கப்பெற்றன. இச்சொல்லை 'நாதம்' எனப் பெயர்ப்பதா, 'ஓசை' எனப் பெயர்ப்பதா என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

'நாதம்' என்பார்க்குச் சான்று இல்லாமல் இல்லை. சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் அன்னி பெசன்ட், லெட்பீட்டர் இருவரும் 1905இல் வெளியிட்ட 'எண்ண வடிவங்கள்' என்னும் பொருள்படும் ஆங்கில நூல், உணர்ச்சிக்கும் இசைக்கும் நிறமும் உருவமும் தந்து படமாக்கியது. 1908இல் அது செருமானிய மொழியில் வந்தது. 1911இன் இறுதியில் வெளியான தம் கலைக்கோட்பாட்டு நூலில் காண்டின்ஸ்கி அச்சபையைப் பெயர் சுட்டிப் பேசுகிறார். எனவே இந்தியக் கருத்தே ஐரோப்பா சென்று மீள்கிறது. அதற்கு இந்தியச் சமய மரபின் சொல்லே தகும் என்பது அவர்தம் வாதம்.

மொழிமாற்றத்தில் ஒலிக்கு நேர்வது யாது என்பதைக் கருதின் இவ்வாதம் தளர்கிறது. அதற்கு அச்சபையின் சூழலிலேயே ஒரு சான்று உண்டு. திருப்பதிக்கு மேற்கே, அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்த மதனப்பள்ளியில் 1915இல் பெசன்ட் தொடங்கிய கல்லூரியில் ஐரியக் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் பணியாற்றினார். 1919 பிப்ரவரியில் அங்குத் தங்கிய தாகூர், தம் 'ஜன கண மன' பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதன் மெட்டையோ கசின்ஸின் துணைவியார் மார்கரெட் தனியே இசைக்குறியீட்டில் அமைத்தார். பொருள் ஒரு தாளிலும் ஒலி மற்றொரு தாளிலும் நின்றன. கடல் கடந்த கருத்துக்கும் இது பொருந்தும். ஆங்கிலம், செருமன் ஆகிய இரு மொழிகளைக் கடந்தது பழைய நாதக் கொள்கையாகவே எஞ்சியிருக்கும் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

காண்டின்ஸ்கி தரும் விளக்கமும் இதற்கு அரணாகிறது. ஒரு சொல்லைப் பன்முறை அடுக்கிக் கூறின் அது சுட்டும் பொருள் மறைந்து, ஒலி மட்டும் நின்று உள்ளத்தைத் தாக்கும் என்கிறார் அவர். இது யோக நெறி பற்றிய கூற்றன்று; கவிதையின் இயல்பு பற்றிய கூற்று. தமிழ் யாப்பியலோ வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியத்துக்கு அகவல், கலிக்குத் துள்ளல், வஞ்சிக்குத் தூங்கல் என ஓசையைக் கொண்டே பாவினை வரையறுக்கிறது. சொற்பொருளைச் சாராது செவிவழி உணரப்படும் பண்பைக் குறிக்க நம்மிடம் இலக்கணக் கலைச்சொல் ஆயத்தமாக இருக்கிறது. காண்டின்ஸ்கி கூறுவது யாப்போசையன்று. எனினும் இரண்டும் செய்யுளியற் கருத்துகளே.

'நாதம்' எனப் பெயர்த்தால், படிப்போர் தமக்கு முன்னரே தெரிந்ததொன்றைக் கண்டதாக எண்ணி அமைவர். அயல்நூலின் புதுமை அங்கே மறைந்துவிடும். 'ஓசை' எனின் அப்புதுமையும் நிற்கும்; ஆயும் கருவியும் நம்முடையதாகும். எனவே 'ஓசை' என்பதே ஏற்புடையது. கருத்தின் பிறப்பிடத்தை மட்டும் நோக்கிச் சொல் தேர்தல் போதாது; அது வந்த வழியையும் நோக்குதல் மொழிபெயர்ப்பாளர் கடன்.