மஞ்சள் பூத்த கண்கள்

போன மழைக்காலத்துல ஒரு ராத்திரி, திண்டிவனத்துல இருந்து வந்துக்கிட்டு இருந்தேன். விளக்கில்லாத சைக்கிள்ல ஒருத்தர், பின்னாடி கேரியர்ல ஒரு குழந்தை. கண்ணுல பட்டப்போ ரொம்ப கிட்ட வந்துட்டேன். பிரேக்கை மிதிச்ச மிதியில வண்டி எப்படியோ நின்னுடுச்சு. அவர் திரும்பிப் பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம போயிட்டார்.

காலைல பார்த்தா, ரெண்டு ஹெட்லைட்டும் புரை விழுந்த கண் மாதிரி மங்கி மஞ்சளா இருக்கு. என் காருக்கு வயசு பத்துதான். ஆனா அப்பாவோட அம்பாசடருக்கு முப்பது வயசாகியும் விளக்கு பளிச்சுன்னு இருந்துச்சே! அது எப்படி?

கதை அமெரிக்காவுல ஆரம்பிக்குது. அங்கே 1940 மாடல் வண்டிகள்ல இருந்து 'சீல்டு பீம்' கட்டாயம். ஏழு இஞ்ச் வட்ட விளக்கு. கண்ணாடி, ரிஃப்ளெக்டர், இழை எல்லாம் ஒரே துண்டு. ஃபியூஸ் போனா முழுசா கழட்டி மாத்தணும். அழகு கம்மிதான், ஆனா கண்ணாடி மஞ்சளாகாது. 1957 வாக்குல நாலு சின்ன விளக்குக்கு அனுமதி கிடைச்சது, 1970கள்ல செவ்வக விளக்கு வந்தது. மத்தபடி சட்டம் அசையவே இல்லை.

அசைச்சது பெட்ரோல். 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம், காத்தைக் கிழிச்சுக்கிட்டு போற மாதிரி மூக்கு சரிஞ்ச வண்டிகள் தேவைப்பட்டுச்சு. நட்டமா நிக்கிற வட்டக் கண்ணாடி அதுக்கு இடைஞ்சல். ஃபோர்டு கம்பெனி விதியை மாத்தச் சொல்லி மனு போட்டது. 1983ல விதி தளர்ந்தது; 1984 மாடல் லிங்கன் மார்க் VII, பல்பை மட்டும் மாத்தக்கூடிய பிளாஸ்டிக் முகப்பு விளக்கோட வந்துச்சு. அப்புறம் உலகமே அந்த வழியில போயிடுச்சு.

அந்த பிளாஸ்டிக்தான் பாலிகார்பனேட். 1953ல ஜெர்மனியில பேயர் கம்பெனியோட ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவுல ஜெனரல் எலெக்ட்ரிக்கோட டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. ஃபாக்ஸ் தேடினது கம்பிக்கு மேல பூசுற பூச்சு, கிடைச்சது அடிச்சாலும் உடையாத பிசின் :-) கல் பட்டாலும் சிதறாது, எடையும் கம்மி, எந்த வடிவத்துலயும் வார்க்கலாம். ஒரே எதிரி சூரியன். புற ஊதாக் கதிர் பட்டா மூலக்கூறுச் சங்கிலி அறுந்து மஞ்சளாகும். அதுக்காகத்தான் மேல ஒரு பாதுகாப்புப் பூச்சு கொடுக்கிறாங்க. வெயில்லயும் புழுதியிலயும் அந்தப் பூச்சு தேய்ஞ்சா கதை முடிஞ்சது.

இது தெரியாம நான் முதல்ல பண்ணினது பற்பசை வைத்தியம். தேய்ச்சதும் பளபளன்னு ஆச்சு. மூணே மாசத்துல பழையபடி மஞ்சள்! பற்பசை அழுக்கைத்தான் எடுக்கும், போன பூச்சைத் திருப்பித் தராது.

ரெண்டாவது தடவை ஒழுங்கா செஞ்சேன். நல்லா கழுவி, சுத்தியிருக்கிற பெயிண்ட்ல டேப் ஒட்டினேன். தண்ணியில நனைச்ச உப்புத்தாள்: முதல்ல 800, அப்புறம் 1500, கடைசியா 3000. முதல் தாள்ல மஞ்சத் தண்ணியா வடியும். அது வெள்ளையா மாறுற வரைக்கும் விடக்கூடாது. நடுவுல விளக்கு மொத்தமும் பால் மாதிரி வெளுத்து, 'கெடுத்துட்டோமோ'ன்னு வயித்தைக் கலக்கும். பயப்படாதீங்க, அடுத்தடுத்த தாள்ல தெளியும். துடைச்சுக் காயவிட்டு, புற ஊதாவைத் தடுக்கிற கிளியர் கோட்டை மெல்லிசா ரெண்டு தடவை அடிச்சேன். இந்தக் கடைசி வேலையை விட்டா, செஞ்சது அத்தனையும் வீண். உள்பக்கம் மங்கியிருந்தா மட்டும் இதெல்லாம் பலிக்காது, விளக்கையே மாத்தணும்.

மொத்தம் ஒரு ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு ராத்திரியே அதே ரோட்டுல போனேன். ஓரத்து வெள்ளைக்கோடு தூரத்துலயே தெரியுது.

அந்த சைக்கிள்காரர் ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டாததுதான் இன்னும் உறுத்துது.