கடைமடையில் ஓர் ஆய்வு நல்கை: தொழில்நுட்பக் கொள்கை ஆய்வும் காரைக்காலும்

2015 செப்டம்பரில் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த குடும்பங்களுக்கு ரேஷன் அரிசி நின்றது. அதற்கு ஈடான பணம் வங்கிக் கணக்குக்குப் போகத் தொடங்கியது. அதே ஆண்டில் சண்டிகரிலும், அடுத்த ஆண்டு தாத்ரா நகர் ஹவேலியிலும் இந்த ஏற்பாடு வந்தது. காரைக்கால் புதுச்சேரி நிர்வாகத்தைச் சேர்ந்தது என்பதால் அங்கும் பணம்தான். சுற்றியுள்ள தமிழ்நாட்டு ஊர்களிலோ 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு விலையில்லா அரிசி கடையிலேயே கிடைத்துவந்தது. காரைக்காலின் நெடுங்காட்டில் குடியிருந்த அக்காளுக்குக் கணக்கில் பணம்; சில கிலோமீட்டர் தள்ளி எல்லைக்கு அப்பால் வாழ்க்கைப்பட்ட தங்கைக்குக் கையில் அரிசி. ஒரே வட்டாரம், ஒரே சாப்பாடு, ஒரே சந்தை. ஆதார், வங்கி இணைப்பு, மின்னணுப் பரிமாற்றம் ஆகியவை ஏழைக் குடும்பத்துக்குள் என்ன செய்கின்றன என்று அறிய விரும்பும் ஆய்வாளருக்கு இதைவிடத் தெளிவான ஒப்பீட்டுக் களம் கிடைப்பது அரிது.

நிதி ஆயோக்குக்காக கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளியலாளர்கள் இந்த மூன்று யூனியன் பிரதேசங்களிலும் ஓராண்டுக் காலம், பல சுற்றுகளாக, பயனாளிகளைக் கேட்டு ஆராய்ந்தார்கள். அரசுப் பதிவேட்டின்படி தவறிப்போன பரிமாற்றங்கள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. கேட்கப்பட்டவர்களிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பணம் வந்து சேரவில்லை என்றார். பணம் வேறொரு கணக்குக்குப் போயிருக்கலாம். வந்தது தெரியாமலேயே இருந்திருக்கலாம். கணினியின் கணக்குக்கும் வீட்டின் அனுபவத்துக்கும் இடையே இவ்வளவு தூரம் உண்டு என்பதை ஒரு கள ஆய்வு காட்டியது. ஆனால் அந்த ஆய்வுக் காலம் முடிந்த பிறகும் திட்டம் நீடித்தது. பணமா அரிசியா என்பது புதுச்சேரி அரசியலின் தீராத வழக்காக மாறியது. 2024 அக்டோபரில்தான் ரேஷன் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. ஒன்பதாண்டு வாழ்க்கைக்கு ஓராண்டு ஆய்வு போதாது.

இக்கட்டுரையின் வாதம் இந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. தொழில்நுட்பம், கொள்கை, சமூகம் ஆகியவற்றை இணைத்து ஆராயும் பல்கலைக்கழக நல்கைகள் தலைநகரங்களின் ஆய்வு மையங்களில் குவிகின்றன. அவற்றுள் சிலவாவது, கொள்கையின் விளைவு முதலில் வந்து விழுகிற காரைக்கால் போன்ற ஊர்களில், நீண்ட காலத்துக்கு, தமிழில் எழுதும் கடமையோடு நிறுவப்பட வேண்டும்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களிலும், 2001இல் தோன்றிய ஆக்ஸ்போர்டு இணைய ஆய்வு நிறுவனத்திலும் இத்துறைக்கென்றே தனி மையங்கள் உண்டு. பொறியாளரும் சட்ட அறிஞரும் சமூகவியலாளரும் ஒரே கூரையின் கீழ் உட்கார அவை வழிசெய்கின்றன. இந்தியாவில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் அறிவியல் கொள்கை ஆய்வு மையம் நெடுங்காலமாக இயங்குகிறது. அறிவியல் தொழில்நுட்பத் துறையும் சில கல்வி நிறுவனங்களில் கொள்கை ஆய்வு மையங்களை ஏற்படுத்தி நல்கைகள் வழங்குகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பொறுப்பான செயற்கை நுண்ணறிவுக்கென ஒரு மையம் 2023இல் தொடங்கப்பட்டது. எல்லாம் நல்ல முயற்சிகள். ஆனால் இந்தியாவில் உள்ளவை பெரும்பாலும் பெருநகரங்களில்.

ஊரில் உள்ள மாணவருக்குத் திறந்திருக்கும் பொதுவழி பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகையும்தான். எண்பதுக்கும் மேற்பட்ட பாடங்களில் அத்தேர்வு நடக்கிறது. தொழில்நுட்பக் கொள்கைக்கு அவற்றில் இடமில்லை. தேர்வில் வென்றவர் ஒரு துறையில், ஒரு நெறியாளரிடம் போய்ச் சேர வேண்டும். மேலே சொன்ன அரிசிப் பணக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். அது பொருளியலா, கணினி அறிவியலா, சமூகப் பணியா, பெண்ணியலா? எந்தத் துறைக்குப் போனாலும் பாதிக் கேள்வியை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டியிருக்கும்.

பணக் கணக்கு இன்னும் வெளிப்படையானது. 2023 முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய். மூன்றாம் ஆண்டிலிருந்து 42,000. வாழ்வதற்கு இது போதும் என்றே வைத்துக்கொள்வோம். கலைப்புல, சமூக அறிவியல் பாடங்களுக்கான இதரச் செலவுத் தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 10,000 ரூபாய், பிறகு 20,500. பயணம், நூல், ஒளிப்படி, கள உதவியாளர் கூலி எல்லாம் இதற்குள். 2018இல் தொடங்கிய பிரதமரின் ஆய்வு உதவித்தொகைத் திட்டம், அறிவியல் தொழில்நுட்ப ஆய்வாளருக்கு மாதம் 70,000 முதல் 80,000 ரூபாயும், ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் ஆய்வு மானியமும் தருகிறது. ஒரு கருவியை உருவாக்குபவருக்கு ஆண்டுக்கு 2 லட்சம். அந்தக் கருவி மக்களை என்ன செய்கிறது என்று கேட்பவருக்கு 10,000. நாட்டின் அறிவுக் கொள்கை எதை மதிக்கிறது என்பதை இந்த இரண்டு எண்கள் சொல்லிவிடுகின்றன. கோடைச் சாகுபடி, சம்பா, மீன்பிடித் தடைக்காலம் எனப் பருவத்துக்குப் பருவம் மாறும் ஒரு கரையோர ஊரை 10,000 ரூபாயில் எத்தனை முறை போய்ப் பார்ப்பது?

ஆய்வு தாமதமாக வந்தால் என்ன நேரும் என்பதற்கு இந்தக் கடற்கரையே சான்று. 1990களின் தொடக்கத்தில் நாகை, காரைக்கால் பகுதி உள்ளிட்ட கிழக்குக் கரையில் தீவிர இறால் வளர்ப்பு பரவியது. கடல்நீர் ஏற்றிய குட்டைகளிலிருந்து உப்பு பக்கத்து வயலுக்கும் கிணற்றுக்கும் இறங்கியது. மீனவர் கடலுக்குப் போகும் பாதைகள் வேலிக்குள் சிக்கின. நிலமற்ற உழவர்களிடையே பணியாற்றிய சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நாக்பூரைச் சேர்ந்த சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான நீரியின் அறிவியலாளர்களை நீதிமன்றம் களத்துக்கு அனுப்பியது. ஆந்திரம், தமிழ்நாடு, புதுச்சேரிக் கரைகளைப் பார்த்த அவர்கள், சமூகமும் சூழலும் அடைந்த இழப்பு இறால் தரும் வருவாயைவிட மிகுதி என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். 1996 டிசம்பர் 11 அன்று இறால் குட்டைகளுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது.

அத்தீர்ப்பு பெரிது. ஆனாலும் நான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியது வேறொன்று. ஒரு புதிய உற்பத்தித் தொழில்நுட்பத்தின் முழுச் செலவை நாடு கணக்கிட்டது, கிணறுகள் உப்பேறிய பிறகு, ஒரு முதியவர் வழக்குத் தொடர்ந்த பிறகு, நீதிமன்ற ஆணையின் பேரில். அந்தக் கணக்கைக் குட்டை வெட்டத் தொடங்கிய ஆண்டிலேயே போட்டிருக்கலாம். நிலத்தடி நீரை ஆண்டுதோறும் அளந்து, குத்தகை மாறுவதைக் குறித்து, கூலி வேலை குறைவதை எழுதிவந்த ஒரே ஓர் ஆய்வாளர் வட்டாரக் கல்லூரியில் இருந்திருந்தாலும், 1996இல் நீதிமன்றத்தின் முன் பல ஆண்டுத் தரவு இருந்திருக்கும். அவ்வேலைக்கு மேதை தேவையில்லை. ஊரில் தங்குவதற்குச் சம்பளம் தேவை.

புதுச்சேரி யூனியன் பிரதேசத்திலேயே இதற்கு நேர்மாறான முன்மாதிரியும் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் உதவியோடு 1998இல் புதுச்சேரி நகரைச் சுற்றிய ஊர்களில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் அதன் மையம். என்ன தகவல் வேண்டும் என்று முதலில் ஊரைக் கேட்டார்கள். வீராம்பட்டினத்து மீனவர் கேட்டது அலை உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் வெளியிட்ட கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று, இத்திட்டத்தில் இருந்த நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. எச்சரிக்கை ஊரின் ஒலிபெருக்கியில் போயிற்று, மக்கள் வெளியேறினார்கள், உயிர்ச்சேதம் இல்லை. இத்திட்டம் அந்த யூனியன் பிரதேசத்தின் வட பகுதியில் வேரூன்றியது. பிரதேசத்தில் அன்று நேர்ந்த உயிரிழப்பில் பெரும்பகுதி தெற்கே, காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற ஊர்கள் அமைந்த காரைக்கால் கரையில்தான். ஒலிபெருக்கி இருந்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்வது நேர்மையாகாது. ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில்தான் செயல்படத் தொடங்கியது. ஆனால் ஆய்வாளர் ஊரோடு பழகிய இடத்தில், வேறொரு தேவைக்காக அமைத்த கருவி உயிர் காத்தது என்பது பதிவான உண்மை.

காரைக்காலுக்கு வருவோம். ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்குப்படி சுமார் 2 லட்சம் மக்கள். ஒரு நகராட்சி, ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள். இவ்வளவு சிறிய நிலத்தில் இத்தனை தொழில்நுட்பக் கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பது வியப்பு. காவிரியில் புதுச்சேரிக்கு உரிய பங்கு 7 டி.எம்.சி. என்று 2007இல் நடுவர் மன்றம் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. அந்த நீர் அரசலாறு, திருமலைராயனாறு, நண்டலாறு என்று பல ஆறுகளாகப் பிரிந்து எல்லை தாண்டி வருகிறது. கடைமடை உழவருக்கு 7 என்ற எண்ணைவிட, அதை எங்கே, எந்த மாதத்தில், யார் அளக்கிறார் என்பதே முக்கியம். நிரவியில் ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம். திருமலைராயன்பட்டினத்தில் எரிவாயுவில் ஓடும் 32.5 மெகாவாட் மின்நிலையம். 2020இல் தமிழ்நாடு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சை, திருவாரூர், நாகை முதலிய பகுதிகளில் புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணத்தைத் தடுக்கிறது. மாநிலச் சட்டம் என்பதால் காரைக்காலுக்கு அது செல்லாது. மண்ணுக்கடியில் படுகை ஒன்று. மேலே சட்டம் இரண்டு. இதை நிலவியல் மட்டும் தெரிந்தவராலும் ஆராய முடியாது, சட்டம் மட்டும் தெரிந்தவராலும் முடியாது.

சிற்றூரில் ஆய்வாளரை உட்கார வைத்தால் அறிவுலகத் தொடர்பு அறுந்துவிடும் என்பார்கள். இது தள்ளிவிடக்கூடிய கவலை இல்லை. நூலகமும் கருத்தரங்கும் விவாதத் துணையும் இல்லாத ஆய்வு சுருங்கிப்போகும். ஆனால் காரைக்கால் அப்படிப்பட்ட வெறுமை இல்லை. திருவேட்டக்குடியில் தேசிய தொழில்நுட்பக் கழகம், ஊருக்குள் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை வளாகம், பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரி, ஜிப்மரின் கிளை என நான்கு நிறுவனங்கள் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. இவை சேர்ந்து ஓர் ஆய்வாளருக்கு நெறிகாட்ட விதி தடையில்லை. பல்துறை ஆய்வுக்கு இணை நெறியாளரை 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகளே அனுமதிக்கின்றன.

எனக்கு உண்மையில் அச்சம் தருவது வேறு: பணம் தருபவர். துறைமுகமும் எண்ணெய்க் கிணறும் இருக்கும் ஊரில், அவற்றின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து நல்கை பெற்றவர் அவற்றைப் பற்றி எதை எழுத முடியும்? ஆராயப்படும் நிறுவனத்தின் பணம் இந்த நல்கையில் ஒரு ரூபாயும் கலக்கக் கூடாது. முடிவை வெளியிட யாரிடமும் முன் அனுமதி கேட்க வேண்டியிருக்கவும் கூடாது. இதில் சமரசம் செய்தால் நல்கையே வேண்டாம்.

இன்னொரு நிபந்தனை மொழி. ஆய்வேடு ஆங்கிலத்தில் அமையட்டும். ஆனால் ஆண்டுக்கொரு முறை தமிழில் அறிக்கை எழுதி, மீனவப் பஞ்சாயத்தார் முன்னும் பாசனதாரர் முன்னும் படித்துக்காட்டி, அவர்கள் மறுப்பையும் சேர்த்துப் பதிவது நல்கையின் விதியாக வேண்டும். ஊரார் திருத்தாத தரவு பாதித் தரவு.

ஐந்தாண்டு ஜே.ஆர்.எஃப். தொகை, வீட்டு வாடகைப் படி நீங்கலாக, 24 லட்சம் ரூபாய். அதோடு ஆண்டுக்கு 2 லட்சம் கள மானியம் சேர்த்தால் 34 லட்சம். இரண்டு லட்சம் மக்களின் நீர், அரிசி, கடல், நிலம் பற்றிய ஐந்தாண்டுப் பதிவுக்கு இது பெரிய தொகையில்லை. மேலே சொன்ன நான்கு நிறுவனங்களின் பொறுப்பாளர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து, இதற்கான கருத்துருவைப் பல்கலைக்கழக மானியக் குழுவுக்கும் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவுக்கும் கூட்டாக அனுப்ப வேண்டும்.