எதிரிக்கு அனுப்பிய மாடுகள்



ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் லெசோத்தோ என்னும் சிறிய நாடு உண்டு. நாற்புறமும் தென்னாப்பிரிக்கா ஒன்றே அதைச் சூழ்ந்திருக்கிறது. நிலப்பரப்பு முழுவதும் கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் அமைந்த ஒரே சுதந்தர நாடு உலகில் இதுவே. இந்த மலைநாட்டை உருவாக்கியவர் மொஷ்வேஷ்வே அரசர்.

1820-களில் அப்பகுதியைப் போரும் பஞ்சமும் சூறையாடின. 1824-இல் அரசர் தம் ஜனங்களைத் தாபா போசியு என்னும் மலைக்கு அழைத்துச் சென்றார். வழியில் பின்தங்கிய அவருடைய பாட்டனார் பீட்டேயை, பசிக்கொடுமையால் நரமாமிசம் உண்ணத் தொடங்கியிருந்த கூட்டத்தார் பிடித்துக் கொன்று தின்றனர். பின்னர் அவர்கள் அரசரின் கையில் அகப்பட்டார்கள். பழிவாங்கும்படி மக்கள் கேட்டனர். அரசரோ, அவர்களே தம் பாட்டனாரின் கல்லறை என்றும், கல்லறையை அழிக்கலாகாது என்றும் சொல்லி, அவர்களை வாழவிட்டார் என்று அந்நாட்டு மரபு கூறுகிறது.

1831-இல் ம்சிலிகாசியின் படை தாபா போசியுவைத் தாக்கியது. மேலிருந்து உருட்டப்பட்ட கற்களுக்குமுன் நிற்கமாட்டாமல் அது பின்வாங்கியது. தோற்றுத் திரும்பியவர்களுக்கு மொஷ்வேஷ்வே மாடுகளை அனுப்பினார். பசியே அவர்களை இங்கு வரச் செய்திருக்கும், வழியில் உண்ணட்டும் என்பதே அவர் சொல்லியனுப்பிய செய்தி. அந்தப் படை மறுபடியும் அவர்மேல் வரவில்லை.

அன்பானவர்களே, ஆண்டுகளைக் கவனியுங்கள். பாரிஸ் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த கசாலிஸ், ஆர்புசே, கோசலின் ஆகிய மூவரும் அங்கே சுவிசேஷத்தைக் கொண்டுவந்தது 1833-இல். அதாவது, சத்துரு பசியாயிருந்தால் அவனுக்குப் போஜனங்கொடுக்கச் சொல்லும் ரோமர் 12:20-ஐ வாசிப்பதற்கு முன்னரே அவர் அதைச் செய்திருந்தார்! நியாயப்பிரமாணம் இல்லாதவர்களின் இருதயத்திலும் அதன் கிரியை எழுதப்பட்டிருக்கிறது என்று பவுல் கூறியது எத்தனை உண்மை!

நாமோ வேதத்தைக் கையில் வைத்திருக்கிறோம். ஆயினும் சொத்துப் பிரிவினையில் வஞ்சித்த சகோதரனுடன் பேசாமல் எத்தனை ஆண்டுகள் கடந்தன? ஒரே திருவிருந்துப் பந்தியில் நின்றும் யாருடைய முகத்தைப் பார்க்க மறுக்கிறோம்? மொஷ்வேஷ்வே தம் பகைவரின் ஆயுதத்தை மட்டும் பார்க்கவில்லை. அதற்குப் பின்னிருந்த பசியையும் பார்த்தார். உங்களைக் காயப்படுத்தியவரை எந்தப் பசி அப்படிச் செய்யத் தூண்டியதென்று என்றாவது சிந்தித்தீர்களா?

சமாதானம், மழை, செழிப்பு என்பவை லெசோத்தோவின் தேசிய முழக்கம். அதில் சமாதானமே முதலாவது நிற்கிறது. இந்த வாரம் ஒருவருடைய வாசலுக்கு நீங்களே முதலில் செல்லுங்கள், வெறுங்கையாய்ச் செல்லாதிருங்கள்.

கர்த்தர்தாமே அதற்கான பெலனை உங்களுக்கு அருளுவாராக. ஆமென்.