மடனும் நகையும்: சுப்பாண்டி என்னும் கதைமாந்தனின் ஈர்ப்பு

1. முன்னுரை

இளையோர் விரும்பிப் படிக்கும் கதைகளில் மாந்தர் சிலர் மட்டும் கதை மறந்த பின்னும் நினைவில் நிற்கின்றனர். நிகழ்ச்சியும் ஆசிரியர் பெயரும் மறைந்துபோக, மாந்தரின் பெயர் பேச்சுவழக்கில் ஒரு பொதுச்சொல்லாக நிலைபெறுவதும் உண்டு. இவ்வீர்ப்புக்குக் காரணம் வீரமா, அறிவா, நற்பண்பா என்பது வழக்கமாக எழுப்பப்படும் வினா. அம்மாந்தர் மொழியோடு கொள்ளும் உறவு எத்தகையது என்னும் வினாவும் அதே அளவு கருதத்தக்கது. தமிழ் நாட்டுப்புறக் கதையில் வேர்கொண்டு, மும்பையில் ஆங்கிலத்தில் உருப்பெற்று, மீண்டும் தமிழுக்கு வந்த சுப்பாண்டி என்னும் கதைமாந்தனை முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்டோர்க்கெனத் தனி இலக்கிய வகை தமிழில் நெடுங்காலம் வகுக்கப்படவில்லை. அவ்வயதினர் சிறுவர் இதழ்களையும் பெரியோர்க்கான தொடர்கதைகளையும் ஒருசேரப் படித்தனர். ஆகவே ‘இளையோர் புனைகதை’ என்பது ஈண்டு அவர்களுக்காக எழுதப்பட்டதை மட்டுமின்றி அவர்கள் தமதாக்கிக்கொண்டதையும் குறிக்கும்.

2. சொல்லோடு உறவுடைய மாந்தர்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழ் இளையோரைக் கவர்ந்த மாந்தர் மூவரை நோக்கலாம். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா இதழின் வழிப் பரவிய விக்கிரமன் பேசக்கூடாதவன்; பேசினால் வேதாளம் மீண்டும் முருங்கைமரம் ஏறிவிடும். ஆயினும் விடை தெரிந்தும் கூறாவிடில் தலை வெடித்துவிடும். அவனுடைய சிக்கல் வாளால் தீர்வதன்று. சொல்லுக்கும் மௌனத்துக்கும் இடைப்பட்டது. 1950 முதல் கல்கி இதழில் வெளிவந்த பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவன் தூதன். பிறர் சொல்லைச் சுமந்து செல்பவன். அவசரத்தால் இடரில் சிக்கி, நாவன்மையாலும் வேண்டும்போது பொய்யாலும் மீள்பவன். தமிழ்வாணன் படைத்த துப்பறிவாளர் சங்கர்லாலோ அளந்து பேசுபவர். ஆசிரியர் விரும்பிய தூய தமிழ்நடையே அவருடைய நிதானத்துக்கும் உருவம் தருகிறது.

இம்மூவரும் குணத்தால் வேறுபட்டவர். எனினும் சொல்லை ஆளும் முறை ஒவ்வொருவருக்கும் தெளிவானது, மாறாதது. ஒரு சூழலில் அவர் என்ன சொல்வார், என்ன சொல்லார் என்பதை வாசகர் முன்னரே அறிவர். இவ்வறிவே உறவாகிறது. இவர்கள் மூவரும் சொல்லை வெல்பவர்கள். சொல்லிடம் தோற்பவன் எவ்வாறு ஈர்க்கிறான் என்பதே அடுத்து நோக்கத்தக்கது.

3. பரமார்த்த குருவின் சீடர்கள்

தமிழ் உரைநடையில் அறிவிலியை மையமாகக் கொண்ட பழைய கதைகளுள் வீரமாமுனிவரின் (1680–1747) பரமார்த்த குருவின் கதை குறிப்பிடத்தக்கது. இது 1822இல் பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்புடனும் சொற்பட்டியுடனும் லண்டனில் அச்சிடப்பட்டது. தமிழ் கற்கும் ஐரோப்பியர்க்கு அது பயிற்சி நூல்.

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் ஆகிய சீடர் ஐவரும் சொல்லுக்குச் சொல் கீழ்ப்படிகின்றனர். கீழே விழுவதை எல்லாம் எடுக்க வேண்டும் என்று குரு கூற, குதிரையின் சாணத்தையும் எடுக்கின்றனர். எவற்றை எடுக்கலாம் எனக் குரு பட்டியல் எழுதித் தருகிறார். பின்னர் குருவே குதிரையிலிருந்து விழும்போது, பட்டியலில் அவர் பெயர் இல்லாமையால் அவரைத் தூக்க மறுக்கின்றனர்.

இக்கதையின் நகை இன்றும் குன்றவில்லை. ஆயினும் சீடருள் எவரையும் வாசகர் தனித்து நேசிப்பதில்லை. காரணம் பெயரிலேயே உள்ளது. அவை பெயர்கள் அல்ல, வசைகள். ஐந்தும் இழிவு சுட்டும் சொற்களாதலின் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய வழியில்லை. ஆசிரியர் தீர்ப்பை முன்னரே எழுதிவிட்டார். வாசகர் அறிந்துகொள்ள எஞ்சிய ஆள் எவருமில்லை.

4. திருச்சியிலிருந்து மும்பைக்கும் மீண்டும் தமிழுக்கும்

1980இல் அனந்த் பை அவர்களை ஆசிரியராகக் கொண்டு மும்பையில் டிங்கிள் என்னும் ஆங்கிலச் சிறுவர் இதழ் தொடங்கப்பெற்றது. வாசகர் தாம் கேட்ட நாட்டுப்புறக் கதைகளை எழுதியனுப்ப இடமளித்தது அவ்விதழின் சிறப்பு. திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த வாசகர் பி. வரதராஜன் அனுப்பிய கதைகளின் வழி 1983இல் சுப்பாண்டி அவ்விதழில் தோன்றினான். ஓவியர் ராம் வயீர்கர் அவனுக்கு உருவம் தந்தார். 2003இல் அவர் மறைந்த பின் அவருடைய மகள் அர்ச்சனா அம்பேர்கர் அப்பணியைத் தொடர்ந்தார்.

சுப்பாண்டி என்னும் பெயரைச் சுப்பு + ஆண்டி எனப் பிரிக்க இடமுண்டு. சுப்பு என்பது சுப்பிரமணியன், சுப்பையா முதலிய பெயர்களின் குறுக்கம். ஆண்டி என்பதும் பழனியில் உறையும் முருகனுக்கு வழங்குவது. குற்றியலுகரம் கெட்டு இரண்டும் இணைகின்றன. இவ்வாறு நோக்கின், சிற்றூர்களில் தாய் தன் மகனை அழைக்கும் பெயரே இது. மட்டி, மடையன் என்பன போலத் தீர்ப்புரைக்கும் சொல் அன்று.

1984இல் வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த பூந்தளிர் இதழ் இம்மாந்தரைத் தமிழுக்குக் கொணர்ந்தது. அப்போது நிகழ்ந்த பெயர்மாற்றங்கள் மொழியியல் நோக்கில் சுவையானவை. வேட்டைக்காரன் சம்பு ‘வேட்டைக்கார வேம்பு’ ஆனான்; காலியா என்னும் காகம் ‘காக்கை காளி’ ஆயிற்று. சுப்பாண்டி மட்டும் சுப்பாண்டியாகவே இருந்தான். அவன் மொழிபெயர்க்கப்படவில்லை, வீடு திரும்பினான் எனலாம்.

5. மடன் என்னும் மெய்ப்பாட்டு அடிப்படை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை தோன்றும் நிலைக்களன் நான்கு எனக் கூறும்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இவற்றுள் பேதைமையும் மடனும் ஒன்றுபோலத் தோன்றினும் இளம்பூரணர் உரை இரண்டையும் வேறுபடுத்துகிறது. பேதைமை அறிவின்மை. மடன் என்பது கேட்டதை உய்த்துணராமல் அப்படியே மெய்யெனக் கொள்ளுதல். முன்னது அறிவின் குறை. பின்னது நம்பிக்கையின் மிகை.

சுப்பாண்டியிடம் காணப்படுவது இம்மடனே. இவ்வகைக் கதைகளின் இயக்கத்தை விளக்கப் பல நாடுகளிலும் வழங்கும் ஒரு பழங்கதை துணைசெய்யும். வெளியே செல்லும் தலைவன் வேலையாளிடம், “கதவைப் பார்த்துக்கொள்” என்கிறான். வேலையாளுக்கும் வெளியே செல்ல விருப்பம். ஆகவே கதவைக் கழற்றித் தோளில் சுமந்து செல்கிறான். வீடு கொள்ளை போகிறது. கதவு மட்டும் பத்திரமாக இருக்கிறது.

இங்குக் கட்டளை மீறப்படவில்லை. தலைவன் கூற்றில் கதவு என்பது வீட்டைக் குறிக்க வந்த ஆகுபெயர். ‘பார்’ என்னும் வினை ‘கொள்’ என்னும் துணைவினையோடு சேர்ந்து காத்தல் என்னும் பொருளைத் தருகிறது. வேலையாள் துணைவினையின் பொருளைச் சரியாகவே உணர்ந்தான், ஆகுபெயரை உணரவில்லை. வெளிப்படையாகத் தோன்றும் பொருளையும் குறிப்பால் தோன்றும் பொருளையும் தொல்காப்பியச் சொல்லதிகாரம் பிரித்துரைக்கும். எச்.பி. கிரைஸ் 1975இல் வெளியிட்ட கட்டுரையில், சொன்னதற்கும் கருதியதற்கும் இடையிலான தொலைவைக் கேட்போர் தாமே உய்த்துணர்ந்து கடக்கின்றனர் என்று விளக்கினார். அந்தத் தொலைவைக் கடக்காமல் கரையிலேயே நிற்பவன் சுப்பாண்டி.

இளைய வாசகர்க்கு இது அயலான நிலை அன்று. “கை கொடு” என்றால் உதவு என்றும், “தலையைக் காட்டிவிட்டு வா” என்றால் சிறிது நேரம் இருந்து வா என்றும் அவர்கள் அண்மையில்தான் கற்றனர். தாம் கடந்துவந்த தடுமாற்றத்தை இன்னொருவனிடம் காணும்போது, தமக்குத் தெரியும் என்னும் மகிழ்ச்சியும், தாமும் அவ்வாறிருந்தோம் என்னும் பரிவும் ஒருங்கே எழுகின்றன. முன்னது மட்டும் இருந்தால் நகை எள்ளலாகும். பின்னதும் சேர்வதால் அன்பாகிறது.

6. பன்மொழி நகரின் வாசகர்

டிங்கிள் பிறந்த மும்பையின் தமிழர் வாழ்வில் இத்தடுமாற்றம் குழந்தைப்பருவத்தோடு முடிவதில்லை. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தோல்தொழிலிலும் பிற கூலித்தொழில்களிலும் ஈடுபட்டோர் தாராவியிலும், அலுவலகப் பணிக்கு வந்தோர் மாட்டுங்காவிலும், பின்னர் செம்பூரிலும் மிகுதியாகக் குடியேறினர். மத்திய ரயில்வேயின் பாதையில் காஞ்சூர்மார்க்கத்துக்கும் நாஹூருக்கும் இடையிலுள்ள பாண்டுப், தொழிற்சாலைகளைச் சார்ந்து வளர்ந்த புறநகர். அங்கும் தமிழ்க்குடும்பங்கள் மராத்தியரோடும் வடநாட்டினரோடும் கலந்து வாழ்கின்றன. மும்பை மாநகராட்சிப் பள்ளிகள் எட்டு மொழிகளைப் பயிற்றுமொழியாகக் கொண்டவை. தமிழ் அவற்றுள் ஒன்று.

இத்தகைய புறநகரில் வளரும் தமிழ்ச்சிறுவனுக்கு வீட்டில் ஒரு மொழி, தெருவில் இரண்டு, பள்ளியில் மற்றொன்று என்பது இயல்பு. இந்தியில் தட்டைக் குறிக்கும் சொல்லும் கைதட்டலைக் குறிக்கும் சொல்லும் மூச்சொலியால் வேறுபடுகின்றன. அவ்வொலி வேறுபாடு இல்லாத தமிழ்ச்செவிக்கு இரண்டும் ‘தாலி’யே, தாய்மொழியில் அச்சொல்லின் பொருளோ முற்றிலும் வேறு. பழத்தைக் குறிக்கும் இந்திச்சொல் தமிழில் ‘பல்’லாக ஒலிக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் முதலாளியின் கட்டளையை அரைகுறையாக விளங்கிக்கொண்டு ஒன்றுக்கு மற்றொன்றைச் செய்வது நகைக்குரியது மட்டுமன்று; கூலியை இழக்கச் செய்வதும் ஆகும்.

சுப்பாண்டியும் வேலையாளே. ஒரு வேலையை இழந்து மற்றொரு வேலையில் சேர்கிறான். தோட்டம், கடை, வீடு என இடங்கள் மாறுகின்றன; முதலாளியின் சினம் மாறுவதில்லை. ஆனால் அடுத்த கதையில் அவன் பழைய அவமானத்தின் சுவடின்றி மீண்டும் வந்து நிற்கிறான். பிழைத்த சொல்லுக்காக நாணும் வயதிலுள்ள வாசகர்க்கு இது சிறிய ஆறுதல் அன்று.

7. எள்ளலா, மடனா?

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். 1966இல் சிவசேனை தொடங்கப்பெற்ற பின், மும்பையில் தென்னிந்தியர்க்கு எதிரான பரப்புரை வலுத்தது. அந்நகரிலிருந்து இந்தியா முழுவதும் சென்ற இதழில், அறிவிலியாகிய வேலையாளுக்குத் தமிழ்ப்பெயர் அமைந்தது இழிவன்றோ? பெயரே வசையாகி, பள்ளியில் ஒரு தமிழ்ச்சிறுவனைச் சுட்டப் பயன்படின் அது காயமன்றோ?

இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. கதையின் அமைப்பு எதுவாயினும், அதைக் கேட்போரின் நகை எள்ளலாக மாறுவதைக் கதையால் மட்டும் தடுக்க இயலாது. பூந்தளிரில் தலைவனும் வேலையாளும் வாசகரும் தமிழராதலின் இச்சிக்கல் எழவில்லை. ஆங்கில இதழில் அதே பெயர் வட்டாரத்தைச் சுட்டும் அடையாளமாகவும் கொள்ளப்படலாம். ஒரே கதை படிப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து இருவேறு நகையைத் தருகிறது.

ஆயினும் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, கதை வெளியிலிருந்து தமிழர்மீது சுமத்தப்பட்டதன்று. தமிழ்வாசகர் ஒருவர் விரும்பி அனுப்பியது. இரண்டாவது, இவ்வகைக் கதைகளில் தவறு வேலையாளிடம் மட்டும் இல்லை. கருதியதை முழுமையாகச் சொல்லாதவன் தலைவன். ஏவுவோர் குறிப்பாகப் பேசலாம். ஏவப்படுவோர் அக்குறிப்பை ஊகித்தே ஆகவேண்டும். ஊகம் பிழைத்தால் தண்டனை ஏவப்பட்டவர்க்கே. அதிகாரம் மொழியில் இயங்கும் இம்முறையைச் சுப்பாண்டி தன் பணிவினாலேயே வெளிப்படுத்திவிடுகிறான். அவன் எதிர்த்துப் பேசவில்லை, சொன்னதைச் செய்தான்.

8. முடிவுரை

விக்கிரமனும் வந்தியத்தேவனும் சங்கர்லாலும் சொல்லை ஆண்டதால் ஈர்த்தனர். பரமார்த்த குருவின் சீடர் சொல்லிடம் தோற்றும் ஈர்க்கவில்லை; அவர்களுக்குப் பெயரில்லை. சுப்பாண்டி தோற்றும் ஈர்க்கிறான். அவனுக்குப் பெயருண்டு, வஞ்சம் இல்லை, சொல்லின்மீது கொண்ட நம்பிக்கை மாறுவதில்லை. நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அவன் நிலைத்திருப்பதற்கு அறிவின்மை காரணமன்று, மடனே காரணம். கதைமாந்தரின் குறை வாசகர் தாமே உணர்ந்த குறையாக இருந்து, அதன்மீது ஆசிரியர் தீர்ப்பு எழுதாமல் விடும்போது ஈர்ப்புப் பிறக்கிறது.

இம்முடிவு தமிழில் இளையோர்க்கு எழுதுவோர்க்கும் பயன்படும். நற்பண்பு நிரம்பிய, பிழையற்ற நடையில் பேசும் மாந்தரைப் படைப்பது எளிது. அவர்களை இளையோர் விரைவில் மறந்துவிடுவர். நாஞ்சில்நாடனின் மிதவை (1986) வேலைதேடி மும்பைக்கு வரும் படித்த இளைஞனின் நிலையைக் காட்டினும், அது வளர்ந்தோர்க்குரிய நாவல். தாலி என்னும் சொல்லைக் கேட்டு மும்மொழிக்கு நடுவே ஒரு கணம் திகைத்து நிற்கும் பாண்டுப்புச் சிறுமியோ சிறுவனோ தன் பெயரோடும் தன் பேச்சோடும் கதைத்தலைமை ஏற்கும் தமிழ் நூல்கள் பெருக வேண்டும். தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கும் பழக்கம் வெளிமாநிலங்களில் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குச் செல்ல, பாடநூலோடு அத்தகைய ஒரு தோழமையும் தேவைப்படுகிறது.