பேஸ்மென்ட்டில் வெள்ளம் புகுந்தால் கதவு ஏன் திறக்காது?

'மஞ்சும்மல் பாய்ஸ்' பார்த்து மூச்சு முட்டியதா? 2006-ல் கொடைக்கானல் குணா குகையில் நிஜமாகவே நடந்த கதை அது. ஆனா, அதே பயம் நீங்க தினமும் போகிற இடத்திலும் இருக்கலாம்.

டெல்லியில் என்ன நடந்தது?

2024 ஜூலை 27 மாலை, ஓல்டு ராஜிந்தர் நகரில் ஒரு ஐஏஎஸ் பயிற்சி மையத்தின் பேஸ்மென்ட்டுக்குள் மழைவெள்ளம் புகுந்தது. 3 மாணவர்கள் இறந்தனர். பார்க்கிங்குக்கும் பொருட்கள் வைக்கவும் மட்டுமே அனுமதி பெற்ற இடம், நூலகமாக இயங்கியது. டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது.

கதவு ஏன் திறக்காது?

1 மீட்டர் அகலக் கதவுக்கு வெளியே அரை மீட்டர் தண்ணீர் நின்றால், கதவின் மீதான அழுத்தம் சுமார் 125 கிலோ எடைக்குச் சமம். தண்ணீர் 1 மீட்டரைத் தொட்டால் சுமார் 500 கிலோ. அதாவது உயரம் இரண்டு மடங்கானால், விசை நான்கு மடங்கு.

நீங்க என்ன பார்க்கணும்?

- இரண்டாவது வழி இருக்கா?
- மின்சாரம் போனால் கதவு திறக்குமா?
- ஸ்விட்ச் போர்டுகள் தரையை ஒட்டி இருக்கா?

படியில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தாலே மேலே ஏறிடுங்க. லேப்டாப், பை எல்லாம் அங்கேயே இருக்கட்டும்.